பழைய ரேஸ் சைக்கிளுக்கு ஹேண்டில்பாரில் கியர்: பாம்பன் காற்றுக்கும் உப்புக்கும் எது சரிப்படும்?

உச்சிப்புளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா 1980களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்த ஜப்பான் ரேஸ் சைக்கிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. முன்னால் இரண்டு பல் சக்கரம், பின்னால் ஆறு, ஆக பன்னிரண்டு கியர். செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டெரெய்லர் சன்டூர் கம்பெனியுடையது. கியர் லீவர் இரண்டும் ஃபிரேமின் கீழ்க்குழாயில், முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. லீவு நாளில் மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலம் ஏறி ராமேஸ்வரம் போகிறார், சில நாள் தீவின் கடைசி நுனியான அரிச்சல்முனை வரைக்கும். பாலத்தில் காற்று தள்ளும்போது ஒரு கையை விட்டுக் குனிந்து கியர் மாற்றப் பயமாக இருக்கிறதாம். ஹேண்டில்பாரிலேயே கியர் வைத்தால் எந்த வகை நல்லது, இப்போதைய சைக்கிள்களில் இருப்பது போல பிரேக் லீவரோடு சேர்ந்த கியரைப் பழைய சைக்கிளில் போடலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹேண்டில் நுனியில் செருகும் பார்-எண்ட் லீவர் வாங்குங்கள். அதிலும் கிளிக் இல்லாத ஃபிரிக்ஷன் வகை. அதையும் வலது பக்கம் மட்டும் போடுங்கள், இடது லீவர் இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நீங்கள் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். நம் கடற்கரையில் லீவர் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது, அது எப்படிப்பட்ட லீவராக இருக்க வேண்டும் என்பதை உப்பு முடிவு செய்கிறது.

காற்றில் இருந்து தொடங்குவோம். 1988இல் திறந்த சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். படகு போக வழிவிட்டு நடுவில் உயர்ந்து, அந்தப் பக்கம் இறங்கும். தீவில் கந்தமாதன பர்வதத்தை விட்டால் நம் ஊர்ப் பக்கம் ஏற்றம் என்று சொல்ல இது ஒன்றுதான். கியர் மாற்ற வேண்டிய இடமும் இதுதான், காற்று வந்து அறையும் இடமும் இதுதான். பக்கத்தில் இருந்த பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே விழுந்து ரயில் நின்றுவிடும்படி வைத்திருந்தார்கள். சைக்கிள்காரனுக்கு அந்த மாதிரி சிக்னல் எதுவும் கிடையாது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ராமேஸ்வரம் போகும்போது பின்னாலும் பக்கவாட்டிலும் தள்ளும், திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். நடுப்பாலத்தில் வேனை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கிறவர்கள் வேறு. நிற்கும் வேனின் மறைவில் நுழைந்ததும் காற்று சட்டென்று அறுந்துபோகும், வேனைத் தாண்டியதும் மறுபடி வந்து மோதும். அந்த நேரத்தில் ஒரு கை கீழ்க்குழாயில் இருந்தால் முன்சக்கரம் எந்தப் பக்கம் ஒடியும் என்று சொல்ல முடியாது. உங்கள் பயம் நியாயமானது.

அந்தக் காலத்தில் ஏன் லீவரைக் கீழ்க்குழாயில் வைத்தார்கள் என்றால், கியர் ஒயர் போகிற தூரம் குறைவு, ஒயரின் மேல் உறையான அவுட்டர் அதிகம் தேவையில்லை, எடை குறைவு. ஒயர் சுருங்காமல் இழுபடுவதால் கியர் சுத்தமாக விழும். பந்தயக்காரர்களே 1990 வரைக்கும் இதைத்தான் ஓட்டினார்கள். அந்த வருடம்தான் ஷிமானோ, பிரேக் லீவரையே பக்கவாட்டில் தள்ளிக் கியர் மாற்றும் எஸ்டிஐ அமைப்பைத் தன் டியூரா-ஏஸ் பந்தய வரிசையில் கொண்டுவந்தது. கம்பனோலோ கம்பெனியின் அதே மாதிரி அமைப்பான எர்கோபவர் 1992இல் வந்தது. உங்கள் சைக்கிள் இதற்கெல்லாம் முந்தியது. 1984இல் ஷிமானோ கிளிக் வைத்த எஸ்ஐஎஸ் முறையைக் கொண்டுவருவதற்கும் முந்தியதாகத்தான் இருக்கும். லீவரைத் திருப்பிப் பாருங்கள். டக் டக்கென்று படி படியாக நின்றால் இண்டெக்ஸ், வழுக்கிக்கொண்டே போனால் ஃபிரிக்ஷன். உங்களுடையது வழுக்கும் என்றே நினைக்கிறேன்.

இனி என்னென்ன வகை இருக்கிறது என்று பார்ப்போம்.

ஸ்டெம்மில், அதாவது ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கழுத்தில், மாட்டும் லீவரை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 1970களின் சைக்கிள்களில் நிறைய வந்தது, பழைய சாமான் கடையில் இன்றும் கிடைக்கும். ஆனால் அதற்கும் ஹேண்டிலை விட்டு ஒரு கையை நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும். குனிய வேண்டியதில்லை என்பது மட்டும்தான் லாபம். பாலத்துப் பயத்துக்கு அது மருந்து இல்லை.

ராமநாதபுரத்துச் சைக்கிள் கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது கட்டை விரலால் தள்ளும் லீவராக இருக்கும், இல்லையென்றால் கைப்பிடியைத் திருகும் ரகம். நம் ஊரில் விற்கிற கியர் சைக்கிளெல்லாம் நேர் ஹேண்டில் என்பதால் அதற்கான சாமான்தான் இருப்பில் இருக்கும். கடைக்காரர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த லீவரின் வளையம் 22.2 மி.மீ. குழாய்க்குச் செய்தது. வளைந்த ரேஸ் ஹேண்டிலின் குழாய் 23.8 மி.மீ., நடுவில் ஸ்டெம் பிடிக்கிற இடத்தில் அதைவிடத் தடிமன். "கொஞ்சம் விரிச்சு மாட்டிடலாம்ணே" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விரித்த வளையம் கொஞ்ச நாளில் வெடிக்கும், அது வெடிக்கிற நேரம் நீங்கள் கியரைத் தள்ளுகிற நேரமாகத்தான் இருக்கும்.

ஹேண்டிலையே மாற்றத் தயாராக இருந்தால் இந்தக் கட்டைவிரல் லீவர் அருமையான சாமான். பின்பக்கம் வளைந்து வருகிற பழைய ரோட்ஸ்டர் ஹேண்டில் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இதுவே போதும். அப்போது பிரேக் லீவரும் மாற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ரேஸ் ஹேண்டிலின் பிரேக் லீவர் 22.2 குழாயில் இறுகாது. புது லீவரும் சாதாரண காலிப்பர் பிரேக்குக்கு உரியதா என்று கேட்டு வாங்க வேண்டும். வி-பிரேக் லீவர் ஒயரை அதிகமாக இழுக்கும், பழைய காலிப்பரில் போட்டால் பிடி அழுத்தமே வராது. ஆனால் உங்களுக்கு இந்த வழி வேண்டாம் என்பேன். காற்றை எதிர்த்துப் போகிறவனுக்குக் குனிந்து ஓட்ட ஓர் இடம் வேண்டும். அந்த வளைந்த ஹேண்டில் அதற்காகத்தான் இருக்கிறது.

பார்-எண்டை நான் சொல்வதற்கு அதுவே முதல் காரணம். எதிர்க்காற்றோ பக்கக் காற்றோ வந்தால் நாம் தானாகவே ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்துக் குனிகிறோம். அப்படிப் பிடிக்கும்போது உள்ளங்கையின் அடிப்பக்கம் ஹேண்டிலின் நுனியில் இருக்கும். பார்-எண்ட் லீவர் முளைத்திருப்பது அதே இடத்தில். நான்கு விரலும் ஹேண்டிலைச் சுற்றி இறுகி இருக்க, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கையால் லீவரைக் கீழே அழுத்தலாம், சுண்டுவிரலாலேயே மேலே தூக்கலாம். பிடி விடுவதே இல்லை. வலது லீவரைக் கீழே அழுத்தினால் ஒயர் இழுபட்டுச் செயின் பெரிய பல்லுக்கு ஏறும், மிதிக்க லேசாகும். மேலே தூக்கினால் சின்னப் பல்லுக்கு இறங்கும். கை ஒரு வாரத்தில் பழகிவிடும்.

குறையும் இருக்கிறது. நீங்கள் மேல்பக்கம், பிரேக் லீவரின் தலையைப் பிடித்து ஓட்டும்போது கியர் மாற்றக் கையைக் கீழே கொண்டுபோக வேண்டும். உச்சிப்புளிச் சந்தைக் கூட்டத்தில் இது கொஞ்சம் தொல்லை. அப்புறம், சைக்கிளைச் சுவரில் சாய்த்தால் லீவர்தான் முதலில் இடிபடும். பஸ்ஸின் மேலே ஏற்றினாலும் அதே கதைதான். வளைந்த லீவர் ஓட்டத்துக்குத் தடையில்லை, ஆனால் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவரும் "என்ன தம்பி, விழுந்தீங்களா?" என்று கேட்பார்கள்.

இப்போது நீங்கள் ஆசைப்பட்ட விஷயத்துக்கு வருவோம். பிரேக்கோடு சேர்ந்த கியர் லீவரைப் பழைய சைக்கிளில் போட முடியுமா? முடியும். உங்கள் ஃபிரேமின் பின்பக்க அகலம், அதாவது அச்சு உட்காரும் இரண்டு காதுகளுக்கு இடையே உள்ள தூரம், 126 மி.மீ. இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு கியர் காலத்து அளவு அது. அதில் ஏழு பல் பிரீவீல், அதாவது பின்சக்கரத்தில் ஏழு பல் சக்கரங்கள் சேர்ந்த தொகுதி, உட்காரும். ஷிமானோ டூர்னி ஏ070 வரிசையில் ஏழு கியருக்கான பிரேக்-கியர் லீவர் இருக்கிறது. அதோடு ஏழு பல் பிரீவீலும் ஷிமானோ பின் டெரெய்லரும் போட்டால் வேலை செய்யும். சன்டூர் டெரெய்லரைக் கழற்றியாக வேண்டும். லீவர் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு ஒயர் இழுக்கிறது, அந்த இழுப்புக்கு டெரெய்லர் எவ்வளவு நகர்கிறது, பிரீவீலில் பல்லுக்குப் பல் எவ்வளவு இடைவெளி என்கிற மூன்று கணக்கும் ஒத்துப்போனால்தான் கிளிக் முறை நடக்கும். சன்டூருடைய கணக்கு வேறு, ஷிமானோவுடைய கணக்கு வேறு. ஷிமானோவுக்குள்ளேயே அந்த முதல் டியூரா-ஏஸ் 7400 டெரெய்லர் மற்றதோடு சேராது.

எட்டு, ஒன்பது என்று மேலே போக நினைத்தால் சக்கரமே மாறும். ரோடு சைக்கிளில் எட்டுக்கு மேல் பின்பக்க அகலம் 130 மி.மீ. ஸ்டீல் ஃபிரேமை விரிக்கலாம் என்பார்கள், தெரிந்த கை செய்தால் சரியாகவும் வரும். ஆனால் அப்பா கொண்டுவந்த சைக்கிளின் சக்கரம், டெரெய்லர், லீவர் எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டிவிட்டால் மிஞ்சுவது பெயிண்ட் மட்டும்தான். பிரேக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சமீப வருடத்து லீவர்கள் பழைய லீவரைவிட ஒயரை அதிகம் இழுக்கும்படி செய்தவை. அந்தக் காலத்து ஒற்றை அச்சு காலிப்பரோடு சேர்த்தால் பிரேக் கொஞ்சம் மொண்ணையாக இருக்கும்.

இவ்வளவையும் தாண்டி, அந்த லீவரை நான் வேண்டாம் என்பதற்கு உண்மையான காரணம் உப்பு. பூமியில் துரு அதிகம் பிடிக்கிற இடங்களில் மயாமிக்கு அடுத்தது பாம்பன் என்று ரயில்வே பொறியாளர்கள் சொல்வது வழக்கம். 2025இல் திறந்த புது ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டது சும்மா இல்லை. பிரேக்-கியர் லீவரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே சின்னச் சின்னப் பற்கள், கொக்கிகள், தலைமுடி தடிமனில் ஸ்பிரிங்குகள், அவற்றின் மேல் கம்பெனி தடவிய கிரீஸ். சாதாரண ஊரிலேயே வருடங்கள் ஆக ஆக அந்த கிரீஸ் மெழுகாக இறுகி, கொக்கி பல்லில் விழாமல் வெறுமனே தள்ளுபடும். தனுஷ்கோடி ரோட்டில் காற்றோடு வருகிற நுண்மணலும் உப்பு ஈரமும் அந்த உறைக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் விட்டு அலசினால் சில சமயம் உயிர் வரும். வராவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதைத் திறந்து திரும்பப் பூட்டுகிற மெக்கானிக் நம் பக்கத்தில் கிடைப்பது அரிது.

ஃபிரிக்ஷன் லீவரில் ஒரு போல்ட், இரண்டு மூன்று வாஷர், ஒரு லீவர், அவ்வளவுதான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரால் கழற்றி, துடைத்து, கிரீஸ் தொட்டுப் பூட்டி விடலாம். கிளிக் கிடையாது என்பதால் எந்தக் கம்பெனி டெரெய்லரும் ஒத்துப்போகும், உங்கள் சன்டூர் அப்படியே இருக்கலாம். நாளைக்கு டெரெய்லர் ஒடிந்து உள்ளூர்க் கடையில் கிடைக்கிற ஏதோ ஒன்றைப் போட்டாலும் லீவர் கவலைப்படாது. அவுட்டர் கொஞ்சம் துருப்பிடித்து ஒயர் முரண்டு பிடித்தால்கூட, கையை அரை விரற்கடை கூடுதலாகத் தள்ளி நீங்களே சரிசெய்துகொள்வீர்கள். இண்டெக்ஸில் அந்த முரண்டு வந்தால் செயின் இரண்டு பல்லுக்கு நடுவில் நின்று கடகடக்கும்.

ஃபிரிக்ஷனிலும் இரண்டு ரகம் உண்டு. வெறும் வாஷரை இறுக்கி லீவரை நிறுத்தி வைப்பது ஒன்று. டெரெய்லரின் ஸ்பிரிங் ஒயரை எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும், அதை அந்த வாஷர் இறுக்கம்தான் தாங்க வேண்டும். போல்ட் கொஞ்சம் தளர்ந்தால், பாலத்தின் இணைப்புக் கம்பிகளில் சக்கரம் ஏறி இறங்கும் குலுக்கலில் லீவர் தானாக நகர்ந்து செயின் சின்னப் பல்லுக்குக் குதிக்கும், அதுவும் ஏற்றத்தில். இறுக்கி வைத்தால் தள்ளுவதற்குக் கை வலிக்கும். இன்னொரு ரகத்தில் உள்ளே மிக நுண்ணிய பற்களுள்ள ராட்செட் இருக்கும். இழுக்கிற பக்கம் லேசாக வரும், ஸ்பிரிங் இழுக்கிற பக்கம் நகராது. சன்டூரின் பழைய பார்-எண்ட் இதில் பேர்போனது. இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் உங்கள் சன்டூர் டெரெய்லருக்குப் பொருத்தமான ஜோடி. புதிதாக வேண்டுமென்றால் டயா-கோம்பேயின் ஈஎன்ஈ வரிசையில் ராட்செட் வைத்த ஃபிரிக்ஷன் பார்-எண்ட் வருகிறது. ராட்செட்டிலும் குட்டி ஸ்பிரிங் இருக்கிறதே, உப்பு அதை விடுமா என்று கேட்பீர்கள். விடாது. ஆனால் அது திறந்து பார்க்கக்கூடிய குட்டி ஸ்பிரிங், வருடத்துக்கு இரண்டு தடவை கிரீஸ் கண்டால் கிடக்கும்.

ஷிமானோ பார்-எண்டும் கெட்டதில்லை. எட்டு, ஒன்பது கியர்களுக்கு வந்த பிஎஸ்64, பிஎஸ்77 மாடல்களில் வலது லீவரின் நடுவில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் கிளிக் போய் ஃபிரிக்ஷன் ஆகிவிடும். அவசரத்துக்கு அது பெரிய உதவி. எதிர்காலத்தில் ஏழு பல் பிரீவீலும் ஷிமானோ டெரெய்லரும் போடும் எண்ணம் இருந்தால் இந்த எட்டு கியர் லீவரையே வாங்கி வையுங்கள். ஏழுக்கும் எட்டுக்கும் பல் இடைவெளி கிட்டத்தட்ட ஒன்று, ஒரு கிளிக் சும்மா கிடக்கும். மற்றபடி கிளிக் மட்டுமே உள்ள லீவரை, எவ்வளவு மலிவாக வந்தாலும், இந்தச் சைக்கிளுக்கு வாங்காதீர்கள்.

ஃபிரிக்ஷனில் ஓட்டிப் பழகிய உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை. ஒன்று மட்டும். கியர் சரியாக விழுந்ததா என்று காதால்தான் கண்டுபிடிக்கிறோம். பாலத்தின் மேல் காற்றிரைச்சலில் செயின் சத்தம் காதுக்கு வராது. அங்கே பாதத்தில்தான் தெரியும். சரியாக உட்காராத செயின் பெடலில் நறநறவென்று ஓர் அதிர்வைக் கொடுக்கும். அதனால் ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, மண்டபம் பக்கத்துச் சமதரையிலேயே லேசான கியருக்கு வந்துவிடுவது நல்லது. தேய்ந்த பழைய பிரீவீலை மாற்றினாலும் பெரிய வித்தியாசம் தெரியும். உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கிற ஷிமானோவின் ஆறு சக்கரப் பிரீவீல், 14 பல்லில் இருந்து 28 பல் வரை, செயினைக் கைகொடுத்து ஏற்றிவிடும்படி பற்களைச் சீவி வைத்திருக்கும். கூடவே புதுச் செயினும் போடுங்கள். பழைய செயின் புதுப் பிரீவீலில் வழுக்கும்.

வலது பக்கம் மட்டும் என்று ஏன் சொன்னேன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து ஜப்பான் ரேஸ் சைக்கிள்களில் முன்னால் பெரும்பாலும் 52, 42 பல் இருக்கும். 42இல் வைத்து, பின்னால் 14 பல்லில் போட்டு, நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர் போகும். அதே 42இல் பின்னால் 28 போட்டால் வேகம் அதில் பாதி, எப்படிப்பட்ட கச்சானையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடலாம். நம் ஊர்ச் சமதரையில் இதற்கு வெளியே என்ன தேவை இருக்கிறது? பின்காற்று தள்ளிவிடும் நாளில் 52க்கு ஏற்றுவீர்கள், அதுவும் நேர் ரோட்டில், ஆற அமரக் குனிந்து ஏற்றலாம். அந்த ஒரு வேலைக்காக இடது பக்கமும் அவுட்டர், ஒயர், ஹேண்டிலில் சுற்றும் டேப்புக்குள் இன்னொரு துருப் பிடிக்கிற சாமான் எதற்கு? பார்-எண்ட் ஜோடியாகத்தான் விற்பார்கள். இடது லீவரை எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள், வாஷருக்கும் போல்ட்டுக்கும் ஆகும். அந்தப் பக்கம் ஹேண்டில் ஓட்டையை மட்டும் நல்ல அடைப்பான் போட்டு மூடிவிடுங்கள். திறந்த குழாய் முனையோடு விழுந்தால் வயிற்றில் குத்தும்.

வாங்குவதற்கு முன் இரண்டு அளவு எடுக்க வேண்டும். ஹேண்டில் நுனியின் உள்விட்டம் ஒன்று. பார்-எண்டின் கட்டை உள்ளே போய் விரிந்து பிடிக்கிறது. குழாய் ரொம்பத் தடிமனாக இருந்து ஓட்டை சின்னதாக இருந்தால் உள்ளே போகாது. வெர்னியர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் லேத் பட்டறையில் ஒரு நிமிட வேலை. விற்பவர் சொல்லும் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, கீழ்க்குழாயில் லீவர் எப்படி மாட்டியிருக்கிறது என்பது. ஃபிரேமிலேயே பற்றவைத்த குமிழ் இருந்தால், வலது லீவரைக் கழற்றிய இடத்தில் ஒயர் ஸ்டாப் ஒன்று பூட்டிவிடலாம். அவுட்டர் அங்கே வந்து முடிந்து, ஒயர் மட்டும் பழையபடி கீழே ஓடும். குமிழ் இல்லாமல் பட்டை வளையத்தில் மாட்டியிருந்தால், அதற்கு மேலே இன்னொரு வளைய ஸ்டாப் வேண்டும். ஜப்பான் ஸ்டீல் ஃபிரேம் என்றால் குழாய் 28.6 மி.மீ. இருக்கும். இதே பதிலைப் பழைய பிரெஞ்சு சைக்கிள்காரர் யாராவது படித்தால், உங்கள் குழாய் 28 மி.மீ., அதே வளையம் கொஞ்சம் தொளதொளக்கும், உள்ளே மெல்லிய தகடு கொடுங்கள்.

பொருத்தும்போது லீவரைத் தனியே கழற்றிவிட்டு, உடலை மட்டும் ஹேண்டிலுக்குள் செருகி, உள்ளே 6 மி.மீ. ஆலன் கீ விட்டு இறுக்க வேண்டும். ஷிமானோவில் இந்தப் போல்ட் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது இடது பக்கம் திருப்பினால் இறுகும். தெரியாமல் வலது பக்கம் மல்லுக்கட்டினால் கட்டை உள்ளேயே கழன்று விழும். செருகும் முன் கட்டையைச் சுற்றியும் குழாயின் உள்ளேயும் கிரீஸ் தடவுங்கள். போட் எஞ்சினுக்குப் போடுகிற, தண்ணீரில் கரையாத கிரீஸ் மண்டபத்திலும் பாம்பனிலும் எந்தப் போட் சாமான் கடையிலும் கிடைக்கும், சைக்கிள் கிரீஸைவிட அதுதான் நமக்கு நல்லது. அலுமினியமும் ஸ்டீலும் ஒட்டி இருந்து நடுவில் உப்புத் தண்ணீர் போனால் அலுமினியம் அரித்து இரண்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஹேண்டிலை அறுத்துத்தான் எடுக்க வேண்டி வரும். வருடத்துக்கு ஒரு முறை கழற்றித் துடைத்துப் போட்டால் இந்த வம்பே இல்லை.

கியர் ஒயரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக வாங்குங்கள். கீழ்க்குழாய்க்குப் போட்ட பழைய ஒயர் பார்-எண்டுக்கு நீளம் காணாது, முழு நீள ஒயர் கேளுங்கள். அவுட்டரில் கவனம் தேவை. கியருக்கென்று உள்ள அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் அவுட்டரில் சுருளாக இருக்கும். கடையில் கியர் அவுட்டர் இல்லையென்று பிரேக் அவுட்டரைக் கொடுத்தால் ஃபிரிக்ஷனுக்கு அது ஓடும், கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கியர் அவுட்டரைப் பிரேக்குக்கு ஒருநாளும் போடக் கூடாது. பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது அது பிளந்துகொண்டு போய்விடும். பின் டெரெய்லருக்குள் நுழைகிற அந்தக் குட்டி வளைவு அவுட்டர்தான் முதலில் சாகும். சக்கரம் தெளிக்கும் தண்ணீரும் மணலும் நேராக அங்கேதான் போகின்றன. அதை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள், கையளவு துண்டுதான். அரிச்சல்முனை போய் வந்த அன்று ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை லீவர் மேலும் டெரெய்லர் மேலும் ஊற்றித் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். தீவில் நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்று எனக்கும் தெரியும், அதனால்தான் ஒரு பாட்டில் என்கிறேன்.

அவுட்டரை ஹேண்டிலின் அடிப்பக்கமாக ஒட்டிக் கொண்டுபோய் எங்கே வெளியே விடுவது என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. கீழ் வளைவு முடியும் இடத்திலேயே விட்டால் ஒயர் சுலபமாக ஓடும், ஆனால் முன்னால் பெரிய வளையமாக நிற்கும், முன்னால் பை மாட்டினால் சிக்கும், காற்றில் படபடக்கும். பிரேக் லீவரைத் தாண்டி ஸ்டெம் பக்கம் வரைக்கும் டேப்புக்குள் கொண்டுபோய் விட்டால் பார்க்க நன்றாக இருக்கும், லீவர் கொஞ்சம் கனக்கும். ராட்செட் லீவரில் அந்தக் கனம் பொருட்டே இல்லை என்பதால் நான் இரண்டாவது கட்சி. எப்படி விட்டாலும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அவுட்டரை வெட்ட வேண்டும். குட்டையாக வெட்டிவிட்டால் ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் கியர் தானாக மாறும்.

டேப்பை உடனே சுற்றிவிடாதீர்கள். எலெக்ட்ரிக்கல் டேப்பால் அவுட்டரை மூன்று நான்கு இடத்தில் ஒட்டிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். லீவர் நுனி முழங்காலில் இடிக்கிறதா, உள்ளங்கைக்கு அடியில் அவுட்டர் உறுத்துகிறதா, ஹேண்டிலைக் கொஞ்சம் மேலே திருப்பினால் லீவர் இன்னும் கைக்கு வாகாக வருகிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். காற்று நன்றாக வீசும் ஒரு நாளாகப் பார்த்துப் பாலத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அதற்குப் பிறகு பழைய டேப்பை உரித்து, அடியில் ஹேண்டில் உப்பு பூத்து அரித்திருக்கிறதா என்று பார்த்து, பொடிப் பொடியாக உதிரும் வெள்ளை எங்காவது ஆழமாக இருந்தால் ஹேண்டிலையே மாற்றிவிட்டு, புது டேப் சுற்றுங்கள். பார்-எண்ட் இருக்கும் பக்கம் டேப்பை லீவர் பக்கத்தில் இருந்து தொடங்கி மேலே கொண்டுபோய், ஸ்டெம் பக்கம் எலெக்ட்ரிக்கல் டேப்பால் கட்டி முடிக்க வேண்டும்.